ஐந்து மணி நேரம் குறைந்த வெற்றிடம்

1
இந்தக் கதை மருத்துவமனையில் பிறந்தது. என் மனைவிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை. அவளுக்கு மேலே கனத்த கவசத்தை ஒரு தண்டு தாங்கிக்கொண்டிருந்தது. தண்டு யுரேனிய உலோகக் கலவை என்றார்கள். யாரோ அதைச் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார். அவளுக்காக வேண்டிக்கொண்டேன்; அவருக்காகவும்.

2
முதல் தொடக்கம்: 'நெருப்பில் ஞானம் பெற்ற உலோகம்...' (அடித்துவிட்டேன். உலோகத்துக்கு ஞானம் எதற்கு?)

இரண்டாவது: உலைக்காரர், காற்றை உறிஞ்சி எடுத்த உலையில் யுரேனிய-டைட்டானியத் தண்டுகளை எண்ணூறு டிகிரியில் எட்டு மணி நேரம் வைப்பார். உள்ளே தங்கிய ஹைட்ரஜன் மெல்ல வெளியேறும். பிறகு சட்டென்று தண்ணீரில் அமிழ்த்துவார். மிதமான சூட்டில் மறுபடி வைத்து வலிமையேற்றுவார்.

[ஹைட்ரஜன் மிச்சமிருந்தால் கடினத்தன்மைச் சோதனையில் தெரியாது. இழுத்தால் தெரியும்: நீண்டு கொடுக்காமல் முறியும். மனிதர்களைப் பற்றியும் இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன். எடுத்துவிட்டேன்.]

3
மூன்றாவது மணி நேரம் முடியும்போது, உலையிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்பைக் கவனிக்கும் பம்ப்காரருக்கு வீட்டிலிருந்து அழைப்பு. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். மாற்று ஆள் இல்லை. பம்ப்பை விட்டுப் போனால் வேலை போய்விடும்.

"நீ கிளம்புப்பா, நான் பாத்துக்கறேன்" என்று உலைக்காரர் அனுப்பிவிட்டார். தனியாளாகப் பம்ப்பையும் உலையையும் கவனிக்க முடியாமல், அப்போதே தண்டுகளைத் தண்ணீரில் இறக்கினார்.

இவரை இங்கே சந்தேகித்தேன். அனுபவசாலி இப்படிச் செய்வாரா? செய்வார். கண்ணில் படாத ஹைட்ரஜனைவிட, எதிரே போனும் கையுமாக நின்ற மனிதர் பெரிதாகத் தெரிந்திருப்பார்.

4
சோதனை அதிகாரி, உலைக்காரரின் தங்கை கணவர்.

"மச்சான், கடினத்தன்மை கச்சிதமா வந்திருக்கு. கையெழுத்துப் போட்டா லாரி கிளம்பிடும்."

"போடாதீங்க மாப்ளே."

"ஏன், என் கையெழுத்து அவ்வளவு மோசமா?"

"எட்டு மணி நேரம் வைக்கல. மூணுதான்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "இந்த லாட்டுக்கு இழுத்துப் பாக்கற சோதனையும் கிடையாது. நீங்க வாயைத் திறக்கலன்னா யாருக்குத் தெரியும்?"

"அடியில படுக்கறவங்களுக்குத் தெரியும். உடைஞ்சப்புறம்."

5
தண்டுகளைத் திரும்ப உலையில் வைக்கலாம்: முழு எட்டு மணி நேரம், மறுபடி தண்ணீர், மறுபடி சூடு. இந்த உலோகத்துக்கு ஆண்டவன் அந்த வழியை அடைக்கவில்லை. லாரி நிற்கட்டும் என்றார் அதிகாரி. ஆனால் மறுசூட்டுக்குப் படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்றொரு கட்டம்.

"பம்ப்காரன் பேரை எழுதினா அவன் வேலை போச்சு. எழுதலன்னா உங்க வேலை."

"என் பேரையே எழுதுங்க."

"எழுதிட்டு உங்க தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

6
ஒரு முடிவில் அதிகாரி முழு உண்மையையும் எழுதினார், மேலாளர் பம்ப்காரரைக் கூப்பிட்டு— (நிறுத்திவிட்டேன்.) இன்னொன்றில் 'மின்தடை' என்று எழுதினார். அந்தப் பொய்க்கு என் கை ஒப்பவில்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. தண்டுகள் உலைக்குள் சிவந்துகொண்டிருக்கின்றன. கட்டம் காலி, மூன்று வரிக்கு இடமிருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன், பம்ப்காரருக்கு ஒரு போன் போட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். எங்களில் யாருக்கும் இதுவரை தோன்றவில்லை.