ஆளுக்கு ஒரு தடவை

எங்கள் பள்ளியில் 'நாளைய தலைவர்கள்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. நான்காம் படிவத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், கொஞ்சம் ஒழுங்காகப் படிக்கிறவர்களைப் பொறுக்கி எடுத்து, பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்கிறோம் என்று எங்கள் சனிக்கிழமைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆங்கிலக் கட்டுரை, நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை, கடைசியில் முதலாம் படிவப் பிள்ளைகளை வைத்து ஒரு வேலையை நடத்திக் காட்ட வேண்டும். எனக்கும் செல்வாவுக்கும் கிடைத்த வேலை, புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் கால்வாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்து சோதிப்பது. எங்களோடு ஆறு பிள்ளைகள்.

செல்வா ரவாங் டவுனில் பிறந்து வளர்ந்தவன். இங்கே மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கு வாய் அதிகம், செம்பனை மட்டை காலில் பட்டாலே பாம்பு என்று குதிப்பான். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே வளர்ந்தவள். எனக்கென்ன என்று தலைவி மாதிரி முன்னால் நடந்தேன், அவனைப் பின்னால் வரச் சொன்னேன்.

திரும்பும் வழியில் போத்தல்களைப் பையில் அடுக்கும்போது பார்க்கிறேன், ஐந்து பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். நித்தியாவைக் காணோம். என்னைப் போலவே லயத்துப் பிள்ளை, அதிகம் பேச மாட்டாள்.

"செல்வா, நித்தியா எங்க?"

"உன்கூட முன்னால போயிட்டாள்னு நெனச்சேன் லா."

"பின்னால நடக்கறது ஒன் வேலதானே? கண்ண எங்க வச்சிருந்த?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில் இருந்த மலாய்ப் பையன்தான் மெதுவாகச் சொன்னான். அவள் தன் போத்தலை எங்கேயோ விட்டுவிட்டாளாம், எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனாளாம். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

மதியமே ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது, அடுத்தது கடல் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. கடல் ஏறும் நேரத்தில் கால்வாய் கடலில் சேரும் இடத்து மதகை அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் கால்வாயெல்லாம் பொங்கிக்கொண்டு வரும். இடுப்பளவு இருந்த தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்துக்கு ஏறும். நித்தியா நல்ல உயரம்கூட இல்லை.

பெரிய ரோட்டில் வேனோடு காத்திருந்த திருச்செல்வம் சாருக்குப் போன் செய்தேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தோட்டத்து ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வர்றேம்மா. நீங்க பிரியாதீங்க. பயிற்சில சொன்ன மாதிரி தேடுங்க."

தோட்டத்துக்கு வருமுன் எங்களுக்குத் தந்த பயிற்சியில் சொன்னது இதுதான். வரிசையாக நிற்க வேண்டும். ஒருவர் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். பிறகு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் கொஞ்சம் நடந்து, அடுத்தவர் கூப்பிட வேண்டும். எல்லாரும் சேர்ந்து கத்தினால் பதில் வந்தாலும் கேட்காது.

செல்வா அதற்குள் வாயில் கையைக் குவித்துக்கொண்டு விடாமல் கத்தப் போனான். "சும்மா இரு! சார் சொன்னபடி செய்" என்று அதட்டி நிறுத்தினேன்.

நான் கூப்பிட்டேன். "நித்தியா!" எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கேயோ ஒரு மட்டை ஒடிந்து விழுந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் நடந்து மலாய்ப் பையன் கூப்பிட்டான், அவன் வாயில் அந்தப் பேர் வேறு யாருடையதோ போல இருந்தது. பிறகு மெல்லிய குரலில் ஒரு சீனப் பெண். பிறகு செல்வா. ஒவ்வொரு தடவையும் அதே அமைதி.

செம்பனைக்குள் சாயங்காலம் வெளியைவிட முன்னாலேயே வந்துவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி இடைவெளி. பிள்ளைகளில் ஒன்று விசும்பத் தொடங்கியது. எனக்கும் அழுகை வந்தது, அழுதால் மற்றவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று விழுங்கிக்கொண்டேன். நித்தியாவின் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? காலையில் அவர் பிள்ளையின் கையைப் பிடித்து என் கையில்தான் கொடுத்தார்.

பெரிய கால்வாயை நெருங்கியபோது தண்ணீர் சத்தமில்லாமல் கரைப் புல்லைத் தொட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன்.

"தனேஸ்!"

பின்னாலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.

"தனேஸ்!"

உதடு ஒட்டிக்கொண்டது.

"தனேஸ்! காது செவிடா ஒனக்கு?"

அப்போதுதான் திரும்பினேன். செல்வா ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினான், பலகைப் பாலத்தருகே புல்லில் கிடந்ததாம். "மூணு தடவ கூப்டறேன், வாயத் தொறக்க மாட்ற. என்னாச்சு ஒனக்கு?"

என்னாச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லயத்தில் நடை பழகும்போதே சொல்லிக் கொடுப்பார்கள். ஆளில்லாத காட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே. ஒரே குரல் மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசர், மற்றது, அந்தக் காத்துக் கருப்பு, மூன்று தடவை கூப்பிடாது. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிற எனக்கே வாய் திறக்கவில்லை. நித்தியாவுக்கு எப்படித் திறக்கும்?

கால்வாய்ப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினேன். "நித்தியா! நித்தியா! நித்தியா!"

"அக்கா!"

மிகப் பக்கத்திலிருந்து வந்தது. பாலத்துக்கு அடியிலேயே, தேங்கி நின்ற மட்டைக் குவியலில் கால் மாட்டிக்கொண்டு, ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்திருந்தாள். தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். செல்வா என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான், பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் கையைவிட்டு மட்டைகளைப் பிய்த்தேன், முள் கையெல்லாம் கிழித்தது. அவள் காலிலிருந்த சப்பாத்து உள்ளேயே போனது, கால் வந்துவிட்டது. அவளைக் கரையில் போட்டபோது சாரும் தோட்டத்து ஆட்களும் ஓடி வந்தார்கள்.

வேனில் சாரின் சட்டையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நிற்கவில்லை.

"நாங்க கூப்ட்டது கேட்டுச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாமே கேட்டுச்சுக்கா."

"தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சே. பயமா இல்லயா?"

"தண்ணி பயமாத்தான் இருந்துச்சு." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "ஆனா வேற வேற கொரலா வந்துச்சுக்கா. எல்லாம் எம் பேரத்தான் சொல்லுச்சு. ஒரே ஒரு தடவ சொல்லிட்டு அப்படியே சத்தமில்லாம நிக்கும். அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்து வேற கொரல்ல கூப்புடும். கண்டுபிடிச்சுடும்னு மூச்சக்கூட விடாம இருந்தேன்."

வாயாடி செல்வா தலையைக் குனிந்துகொண்டான். அவள் என்ன சொல்கிறாள் என்று மலாய்ப் பையன் என்னிடம் கேட்டான். நான் சட்டையை இழுத்து நித்தியாவின் தோளைப் போர்த்தினேன்.