இருபது பறவைகளுக்கு மேல் ஒரு பூச்சு

பெயிண்ட் விற்கிறவன் எவனையும் நான் நம்புவதில்லை. டப்பாவில் ‘பத்து வருஷம் உழைக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் கம்பெனியே பெயரை மாற்றிக்கொண்டிருக்கும், யாரைப் போய்க் கேட்பது? நாற்பது வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறேன். பளபளவென்று வந்து, ஆறே மாதத்தில் சொறி பிடித்ததுபோல் உரிந்த சக்கரங்கள் எத்தனையோ என் கைவழியாகப் போயிருக்கின்றன.

அதனால், சக்கரத்தில் படம் வரையப்போகிறேன் என்று என் மருமகள் வந்து நின்றபோது, "வரை, வேண்டாங்கல. மேல என்ன பூசுவே? அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

அவள் விளம்பரப் பலகை எழுதும் பட்டறையில் இருந்தவள். ஏணி சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். பதினான்கு மாதம் தூரிகையைத் தொடவில்லை. அதற்குள் பட்டறையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். என் மகன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது மாதத்தில் நாலு நாள். மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான். அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கடைக்கு வந்து உட்காரு என்று மட்டும் சொன்னேன்.

கடையில் சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் உடைந்த அலாய் சக்கரம் ஒன்றில் மஞ்சள் பறவை ஒன்று வரைந்தாள். டயர் மாற்ற வந்த டிரைவிங் ஸ்கூல்காரி அதைப் பார்த்துவிட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நான் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் டீச்சர்.

"இதே மாதிரி என் நாலு சக்கரத்துக்கும் போட்டுக் குடும்மா. அஞ்சு கம்பி, அஞ்சு பறவை. வண்டி ஓடுறப்போ பறக்கிற மாதிரி இருக்கும்."

"ஓடுறப்போ ஒண்ணும் தெரியாது. மஞ்சளா ஒரு வட்டம் தெரியும்" என்றேன்.

"என் வண்டி எங்க பெரியவரே ஓடுது? பாதி நேரம் ஆஃப் ஆகி நிக்குது, நல்லாவே தெரியும்" என்றாள். பிறகு மருமகளிடம் திரும்பி, "ஆனா ஒண்ணு. கத்துக்க வர்றவங்க நடைபாதையில உரசாத நாளே கிடையாது. ஒரு மாசத்துல உரிஞ்சு போச்சுன்னா எனக்கு வேண்டாம். நின்னுதுன்னா இன்னும் ரெண்டு வண்டி இருக்கு, ரெண்டும் உனக்குத்தான்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை தருவதாகப் பேச்சு. அதுவரை ஓட்ட என்னிடம் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டி அனுப்பினேன்.

மருமகள் பன்னிரண்டு நாளில் இருபது பறவைகளை முடித்தாள். வலித்தால் கையை வெந்நீரில் வைப்பாள், மறுபடி உட்காருவாள். இருபதில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அதைக் குறை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இனி மேல்பூச்சு. பெயிண்ட் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒல்லி மனிதர். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கியது.

"பவுடர் கோட்டிங் போட்டா என்ன?" என்றேன்.

"கல்லு மாதிரி நிக்கும். ஆனா அடுப்புல வச்சு இருநூறு டிகிரியில சுடணும். கையால வரைஞ்ச பறவை கருகிடும் ஐயா."

"செராமிக்?"

"அழுக்கு ஒட்டாது, கழுவச் சுலபம். அவ்வளவு மெல்லிசு, உரசலைத் தாங்காது."

"இந்த ஸ்ப்ரே டப்பா வார்னிஷ்?"

"அடிக்கிறது சுலபம். பெட்ரோல் பட்டா கரைஞ்சிரும். எல்லாத்தையும் தாங்கணும்னா, இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத கிளியர்தான். ரெண்டு டப்பா, அளவு பிசகாம கலக்கணும். புகை நுரையீரலுக்கு ஆகாது, வடிகட்டி வச்ச முகமூடி இல்லாம அடிக்கவே கூடாது."

எல்லாவற்றிலும் ஒரு ‘ஆனால்’ வைத்துப் பேசுகிறவன் ஓரளவு உண்மை பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் நம்பவில்லை. கிளியரையும் வார்னிஷையும் கொஞ்சம் வாங்கிவந்து தகர மூடிகளில் மருமகளை அடிக்கச் சொன்னேன். நாலு நாள் காயவிட்டு, மேலே பிரேக் ஆயிலைச் சொட்டினேன். வார்னிஷ் அரை மணியில் பாட்டியின் கன்னம்போல் சுருங்கியது. கிளியர் அசையவில்லை. சாவியால் கீறினேன், சரளைக்கல்லில் தேய்த்தேன். கோடு விழுந்ததே தவிர உரியவில்லை.

"போதுமா மாமா? இல்ல, வாயில போட்டுக் கடிச்சும் பாக்கணுமா?" என்றாள் அவள். பதினான்கு மாதத்தில் அவள் அடித்த முதல் கிண்டல்.

புதன்கிழமை காலை, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டி, காற்றாடி வைத்து, நாலு சக்கரத்தையும் தூக்கி வைத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, "இனிமே யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி முகமூடி எடுக்கப் போனாள். யாரும் என்றால் அங்கே நான் ஒருவன்தான்.

அவள் சரியாகத் துடைத்திருப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உற்றுப் பார்த்தேன். ஒரு கம்பியில் விரல் தடம்போல் ஏதோ தெரிந்தது. தோளில் கிடந்த துணியை எடுத்து அதைத் துடைத்தேன். தொட்டது தொட்டாயிற்று என்று அந்தச் சக்கரம் முழுவதையும் மற்ற மூன்று சக்கரங்களையும் துடைத்தேன். அவள் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு சக்கரம் அடித்து முடித்ததும் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், கண்ணாடிபோல் படிய வேண்டிய பூச்சு அம்மை வடுபோல் குழி குழியாக விலகி நின்றது. பறவைகளின் மேல் கொத்துக் கொத்தாக ஓட்டை.

"என் கைதான் மாமா" என்றாள். "கலக்குறப்போவே நடுங்குச்சு. அளவு தப்பிடுச்சு."

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. அவன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கான்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பெயிண்ட் கடையில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.  நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கடைக்காரர், "குழி வட்டமா இருந்துச்சா?" என்றார்.

"ஆமா."

"அடிக்கிறதுக்கு முன்னாடி எதால துடைச்சீங்க?"

தோளைத் தொட்டேன். துணி அங்கேயே கிடந்தது. அவர் வாங்கி மோந்து பார்த்தார்.

"டயர் பாலிஷ்" என்றார். "இதுல சிலிக்கோன் எண்ணெய் இருக்கு ஐயா. கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல கிளியரும் அது மேல ஒட்டாம விலகி ஓடும்."

முந்தின நாள் முழுக்க டயருக்குப் பாலிஷ் போட்ட துணி. 

"பொண்ணு என்ன நினைக்குது?" என்றார்.

"தன் கைதான் போச்சுன்னு நினைக்குது."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கயிற்றைத் திருகினார். "டப்பா கெட்டுப் போனதுன்னு சொல்லிடுங்க. கடைக்காரன் ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று புது டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். இவ்வளவு திட்டு வாங்கியவன் எதற்கு இதைச் செய்கிறான் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு சூதும் அகப்படவில்லை.

மருமகள் தூரிகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்யப்போகிறாளாம். வேறு இடத்தில் வெள்ளி வண்ணமே அடித்துக்கொள்ளச் சொல்லப்போகிறாளாம்.

"டப்பா கெட்டது. கடைக்காரர் ஒத்துக்கிட்டார்" என்றேன்.

நிமிர்ந்தாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "நிஜமாவா? அந்த ஆள் கடைக்கு இனிமே போகவே வேண்டாம் மாமா. நீங்க சொன்னப்போவே நான் கேட்டிருக்கணும்."

அதோடு விட்டிருக்கலாம். அந்த ஒல்லி மனிதரின் கயிறு திருகும் விரல்கள் கண்முன் வந்தன.

"டப்பால ஒண்ணுமில்ல. நான்தான் என் துணியால துடைச்சேன். டயர் பாலிஷ் துணி."

அவள் முகத்தில் வந்த உயிர் மறுபடி போய்விட்டது. "முதல்ல டப்பாங்கறீங்க, அப்புறம் துணிங்கறீங்க. எனக்காகப் பொய் சொல்றீங்க."

"சத்தியமா."

"நாப்பது வருஷம் கடை நடத்துறவர் பாலிஷ் துணியால துடைப்பாரா? என் கைன்னு எனக்குத் தெரியும் மாமா. விடுங்க."

வாழ்நாளில் ‘என் தப்பு’ என்று நான் சொன்ன முதல் தடவை. அதையும் நம்ப ஆளில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தில் கிடந்த பழைய கார் கதவு ஒன்றை இழுத்துவந்து சுவரில் சாய்த்தேன். நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன்.

"இந்தப் பக்கம் உன் முறையில துடை. அந்தப் பக்கம் நான் என் துணியால துடைக்கிறேன். நீயே கலந்து, உன் கையாலயே ரெண்டுக்கும் அடி. என்னை நம்பாதே. கதவை நம்பு."

 அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு கலந்தாள். கை நடுங்கத்தான் செய்தது, நானும் பார்த்தேன். ஆனாலும் அளவுக் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தினாள்.

என்னை வெளியே நிறுத்திவிட்டு அடித்தாள். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் பக்கம் தண்ணீர் நின்றதுபோல் படிந்தது. என் பக்கம் ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை.  குழி விழு, விழு என்று வேண்டிக்கொண்டேன். ஒன்று விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு என் பாதிக் கதவு முழுக்க அம்மை போட்டது.

அவள் முகமூடியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முகமூடியால் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்து அதைக் கழற்றியபோது இரண்டும் இருந்தது.

"மாமா, உங்களை என்ன செய்யலாம்?"

"என்ன வேணா செய்."

"தொடாதீங்கன்னு தமிழ்லதானே சொன்னேன்?"

"நீ சரியாத் துடைச்சிருப்பேன்னு நம்பல."

"அது தெரியுது."

வியாழக்கிழமை பூச்சு இறுகியதும் கெட்ட சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தாள். இரண்டு பறவைகளின் இறக்கைகள் தேய்ந்துபோயின. அவற்றைத் திரும்ப வரைந்தாள். நாலு சக்கரத்தையும் மூன்று முறை துடைத்துவிட்டுப் பூசினாள். டீச்சருக்கு அவளே போன் செய்து, ஒரு சக்கரம் தப்பாகிவிட்டது, இறுக நாள் வேண்டும், திங்கட்கிழமைதான் தரமுடியும் என்றாள். யாரால் தப்பாயிற்று என்று டீச்சர் கேட்டிருக்க வேண்டும். "வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார்" என்று பதில் சொன்னதும், அந்தப் பக்கச் சிரிப்பு போனைத் தாண்டிக் கேட்டது.

நான் புதுத் துணி ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நம்புச்சா?"

"இல்ல. சோதிச்சுப் பாத்துதான் நம்புச்சு. இந்தப் பூச்சு நின்னுதுன்னா டீச்சரோட இன்னும் ரெண்டு வண்டி வரும்."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னை முழுதாகப் பார்த்தார். "மத்த ரெண்டு வண்டிக்கும் எவ்வளவு கிளியர் வேணும் ஐயா?"

"அதை அவ வந்து சொல்வா" என்றேன். "எனக்குச் சக்கரம் இருக்கிற அறைக்குள்ள போக அனுமதி இல்ல."