சாரங்குக்காக ஒரு சாட்சி

சாரங்கைக் கொன்றவனுடைய வேலையைப் பறிக்காமல் ஓயமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எங்கள் கொட்டகையில் ஆறு பேர் இருந்தார்கள், எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னேன். என் மனைவியின் தம்பி மட்டும், கோபம் ஆறட்டும், பிறகு பேசலாம் மாமா என்றான். எனக்குக் கோபம் ஆறுகிற வழக்கம் கிடையாது. கல்யாணமான புதிதில் நான் தட்டை விட்டெறிந்த இடத்தில் சுவர் இன்னும் பெயர்ந்துதான் கிடக்கிறது.

சாரங்கு ஒரு நாய். கப்பலின் மேல்தளத்தில் ஆட்களை வேலை வாங்குகிற தலைவனைச் சாரங்கு என்பார்கள். இதுவும் கரை மேடையில் நின்று எங்களை வேலை வாங்கியதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. எங்கள் வேலை, கரைக்கு வரும் கப்பலைக் கட்டுவது. கப்பலின் பெரிய வடத்தை யாராலும் வீச முடியாது. அதனால் மெல்லிய கயிறு ஒன்றை முதலில் வீசுவார்கள். அதன் நுனியில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு உருண்டை முடிச்சு இருக்கும், அதைக் குண்டு என்போம். குண்டு கரையில் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்து இழுத்தால், பின்னாலேயே வடம் வரும். அதைத் தூணில் மாட்டுவோம்.

சாரங்கு வந்த பிறகு நாங்கள் ஓடுவதையே விட்டுவிட்டோம். குண்டு தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே எகிறி வாயில் கவ்விக் கொண்டுவந்து என் காலடியில் போடும். இதைப் பார்க்கவே மாலுமிகள் கப்பல் முனையில் கூடிவிடுவார்கள். ஒரு சமையல்காரர் எலும்பை மூன்று மாதம் உறைபெட்டியில் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார். கடைத்தெருவில் அதற்குத் தனி மரியாதை. ரொட்டிக்கடை அக்கா முதல் துண்டை அதற்குப் போட்ட பிறகுதான் வாடிக்கையாளர் பக்கம் திரும்புவாள். பொறாமைப்பட்டவர்களும் உண்டு, நானும் அதில் சேர்த்தி.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது தாடி அண்ணன். மாதம் ஒருமுறை வரும் சரக்குக் கப்பலில் முப்பது வருஷமாக மாலுமி. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கண் திறக்காமல் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தவர் அவர்தான். கப்பலில் வளர்க்க விடமாட்டார்கள். நீ வளர்த்துவை தம்பி, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கப்பலின் ஊதல் எங்கோ கேட்டால் போதும், சாரங்கு தட்டில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடும்.

குண்டு விஷயத்தில் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே சட்டம். உள்ளே கயிறு இருக்கலாம், கொஞ்சம் மணல் இருக்கலாம், இரும்பு இருக்கக் கூடாது. இரும்பு வைத்தால் தூரம் போகும், ஆனால் கரையில் நிற்கிறவன் மண்டை போகும். இரும்பு வைத்த குண்டு எங்கள் கையில் கிடைத்தால் கயிற்றோடு அறுத்துக் கொட்டகை ஆணியில் மாட்டிவிடுவோம். மொட்டைக் கயிற்றோடு திரும்பும் கப்பலை அடுத்த துறைமுகம் பார்த்துச் சிரிக்கும்.

அன்றைக்குக் கடலை நோக்கிக் காற்று அடித்தது. கப்பல் முனையில் தாடி அண்ணனும் மாலுமிகளுக்கு மேலான துணை அதிகாரியும் நின்றார்கள். அந்த அதிகாரி சட்டையில் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததே இல்லை. அதனால் அவருக்கு இஸ்திரி என்று பேர் வைத்திருந்தோம். அண்ணன் வீசிய முதல் கயிறு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. இஸ்திரி ஏதோ கத்தினார். மூன்றாவது குண்டு தாழ்வாக, படுவேகமாக வந்தது. சாரங்கு எகிறியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனமில்லை.

அது என் மடியில் கிடந்து கால் உதைத்து அடங்குவதற்குள் மேலே இருந்து இஸ்திரியின் குரல் வந்தது.

"நாய்தானே? கயித்த இழுங்க, கப்பல் நகருது."

இழுத்தோம். இருபது பேர் இருக்கும் கப்பலைக் காற்றில் விட முடியாது. இழுத்துக் கட்டிவிட்டுக் குண்டை அறுத்துப் பிரித்தேன். உள்ளே கட்டைவிரல் கனத்தில் இரும்பு நட்டு. தாடி அண்ணன் இறங்கி வந்து சாரங்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டும்போதும் மண்வெட்டியை யாரிடமும் தரவில்லை. அதைப் பார்த்துத்தான் என் கோபம் இன்னும் ஏறியது. பெற்ற பிள்ளையை அடக்கம் செய்கிறவர் கையாலேயே இரும்பு வைத்த குண்டை வீச வைத்துவிட்டானே அந்த இஸ்திரிப் பாவி என்று நினைத்தேன்.

நட்டோடு குண்டைக் கொண்டுபோய்த் துறைமுக அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா, செத்தது மனிதர் என்றால் இந்தப் படிவம், சரக்கு சேதம் என்றால் அந்தப் படிவம், நாய்க்கு எதுவும் இல்லை என்றார். அவர் மேஜையை நான் கவிழ்க்கவில்லை என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. கடைசியில் இரும்பு வைத்த குற்றத்துக்கு விசாரணை வைப்பதாகச் சொன்னார்கள். கப்பல் அடுத்த முறை வரும்போது நடக்கும். குண்டில் இரும்பைத் திணித்தது யார் என்று நிரூபணமானால் அவனுக்குக் கடல் வேலை அதோடு சரி.

நிரூபிக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. நட்டு இருக்கிறது, திணித்த கையை யார் பார்த்தார்கள்? அந்த ஒரு மாதமும் படுத்தால் இஸ்திரியின் சட்டைதான் கண் முன்னால் நின்றது. கப்பல் ஊதல் கேட்கும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, சுவரில் கடல் வரைபடம், ஓயாமல் தும்மிக்கொண்டிருந்த ஒரு பெண் அதிகாரி. முதலில் தாடி அண்ணனைக் கூப்பிட்டார்கள். கொடுத்த கயிற்றை வீசினேன், வேறு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மேலதிகாரிக்குப் பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன். அடுத்து நான். சாரங்கு சாவதற்கு முந்தின முறை கப்பல் வந்தபோது மேலே ஏறியதாகவும், இஸ்திரி ஒரு நட்டைக் குண்டுக்குள் திணித்து முடிச்சை இறுக்கியதைப் பார்த்ததாகவும் சொன்னேன். வாய் கொஞ்சம்கூடக் குழறவில்லை.

இஸ்திரி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

"நான் வச்சேன்னா சொல்றீங்க? நீங்க பாத்தீங்களா?"

"கண்ணால பாத்தேன்" என்றேன்.

பெண் அதிகாரி எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிடும் என்றார். வெளியே வரும்போது உடம்பு காற்றாக இருந்தது. சாரங்கு, உன் கணக்கைத் தீர்த்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தாடி அண்ணன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் செத்துப்போனது.

"தம்பி, அதுல நட்டு வச்சது நான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். மூன்று வருஷமாகத் தோள்பட்டை தூக்க முடியவில்லையாம். இன்னொரு தடவை கயிறு எட்டாவிட்டால் முனைக்கு வேறு ஆளைப் போடுவேன், அப்புறம் உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று இஸ்திரி எச்சரித்திருந்தாராம். அதற்காக ஒரு குண்டை மட்டும் ரகசியமாகத் தயார் செய்து வைத்திருந்தார். கனமான குண்டு, சாரங்கின் தலைக்கு மேலே பறந்து பின்னால் விழும் என்று கணக்குப் போட்டார். தோள் பாதியில் பிடித்துக்கொண்டது. குண்டு தாழ்ந்துவிட்டது.

"அந்தரத்துல புடிக்கச் சொல்லிக் குடுத்தவனே நான்தானே. இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு? உள்ள போய் சொல்லிடுறேன், நீயும் வா. அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணு."

எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கையை அங்கேயே முறிக்கலாம் போல இருந்தது. மறைத்து என்ன பயன்? சாரங்கு செத்த அன்று இஸ்திரி மேல் வந்த கோபத்தை விட இது பெரிதாக இருந்தது. இந்த ஆளைப் பார்க்கத்தான் சாரங்கு தட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்வார், வேலை போகும், அழுவார், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். என் பொய்யும் வெளியே வரும் என்ற பயம் எனக்கு இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவர் தூங்கக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது.

"சொல்லிட்டு நீங்க லேசாயிடலாம்னு பாக்குறீங்களாண்ணே? முடியாது. நீங்க தெரியாதுன்னு சொல்லியாச்சு, நான் பாத்தேன்னு சொல்லியாச்சு. வாங்க, கடைத்தெருவுல எல்லாரும் உங்களத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

கையை விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். திமிறியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ, அவர் திமிறவில்லை. வழியில் மீன்காரர் கூடையை இறக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முடிவெட்டுகிறவர் பாதிச் சவரத்தில் வெளியே வந்து, உங்களுக்கு ஆறுதல் சொல்லக்கூட வாய் வரவில்லை என்றார். ரொட்டிக்கடை அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்றவர் மாதிரி அல்லவா வளர்த்தீர்கள் என்றாள். நான் எதிரே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவர் ஆறுதலும் அவர் மேல் அடி மாதிரி விழுவதை ஒன்று விடாமல் பார்த்தேன்.

சாயங்காலம் என் மச்சான் ஓடிவந்தான். இஸ்திரியின் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள், பெட்டியோடு கப்பலை விட்டு இறங்கிப் போகிறார் என்றான். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அக்கா தாடி அண்ணன் தோளைத் தட்டி, உங்கள் பிள்ளைக்குப் பழி வாங்கியாச்சு என்றாள்.

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தார். நான் ஒரு மாதமாகக் காத்திருந்தது இப்படி ஒருவன் அழுவதைப் பார்க்கத்தான். பாரேன், அந்த நாய்க்காக எப்படி அழுகிறார் என்று கடையே உருகியது. நாய்க்காகத்தான் அழுதார். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.