தோட்டாப் பெட்டியின் சாவி

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் பதிவு விண்ணப்பம் போன தடவை நிராகரிக்கப்பட்டது. காரணம் என் அக்காவும் அவள் புருஷனும். மாமா தலைவர், அக்கா செயலாளர். துப்பாக்கி அலமாரிச் சாவி ஒருவரிடமும், தோட்டாப் பெட்டிச் சாவி வேறு வீட்டில் வசிக்கும் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தார்கள். இந்தத் தடவையும் தவறினால் கிளப்பையே இழுத்து மூடவேண்டியதுதான்.

அதனால் தோட்டாச் சாவி என்னிடம் வந்தது. வேறு வீடு, ஒண்டிக்கட்டை. அந்தத் தகுதி போதும்.

"அவசரத்துக்கு ஒரு டூப்ளிகேட் குடுடா," என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். கொடுக்கவில்லை.

அதிகாரி சோதனைக்கு வந்த காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இரவு வேலையை விட்டு மாதங்கள் ஆகியும் உடம்புக்கு இன்னும் சேதி போகவில்லை. அக்கா கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

"எருமை! அந்தாளு எவ்வளவு நேரமா உக்காந்திருக்காரு தெரியுமா? குடியக் கெடுத்துட்டியேடா!"

பொத்தானை மாற்றிப் போட்டபடி அவள் ஸ்கூட்டரில் ஏறினேன்.

கிளப்பில் மாமா பெட்டி முன் மண்டியிட்டிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர், காலடியில் வளைந்த கம்பிகள். அதிகாரி டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். கண்ணெதிரே பூட்டை நெம்பும் தலைவருக்கு எவன் பதிவு கொடுப்பான்?

"நீங்கதான் சாவிக்காரரா? வேற சாவி எங்க?" என்றார் அதிகாரி.

"கிடையாது சார். இது ஒண்ணுதான்."

திறந்து காட்டினேன். அதிகாரி உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லா கிளப்லயும் விதிப்படிதான்னு சொல்வாங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா போதும், மேஜை டிராயர்லேருந்து இன்னொரு சாவி வந்துரும். இங்க தலைவரே உசுரக் குடுத்துப் பாத்துட்டாரு, திறக்கல." மாமா பக்கம் திரும்பினார். "பதிவு உண்டு. ஆனா ஸ்க்ரூடிரைவர இனிமே தொடாதீங்க."

அக்கா விசிலடித்தாள். மாமா என்னைக் கட்டிப்பிடித்து, "தூங்கியே ஜெயிச்சுட்டியேடா!" என்று கத்தினார்.

மாலையில் முதல் குண்டை நான்தான் சுட வேண்டும் என்றார்கள். சுட்டேன். குண்டு இலக்குப் பலகையைக்கூடத் தொடவில்லை. கிளப்பே எழுந்து நின்று கைதட்டியது.