ரெனேயின் கதிரை

தியாகராசா சப்பாத்தைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகனை நாளைக்குத்தான் எரிக்கப் போகிறார்கள்.

"இது செத்த வீடோ, கலியாண வீடோ?" என்றார் மகள் யோகத்திடம்.

"மெதுவா, அப்பா. அவையின்ர ஊரில இப்பிடித்தான். செத்தவற்ர பகிடியளைச் சொல்லிச் சிரிச்சு, டொமினோ விளையாடுவினம்."

தனக்குப் பிடிக்காத அந்தக் கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. "என்ர பக்கத்துக்கு ஒராளாவது பொழுதுபடுமட்டும் இருங்கோ" என்று யோகம் காய்ந்த குரலில் டெலிபோனில் கேட்டிருந்தாள். ஹனோவரின் குளிருக்குள் இரண்டு பஸ் மாறி வந்தார். தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிற எண்ணம்தான்; கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவையின்ர ஊர் குவாதலூப் எண்டா எந்த நாடு?"

"நாடில்லை. தீவு. பிரான்சுக்குச் சொந்தம். அங்கயும் யூரோதான்."

"அப்ப வெள்ளைக்காரரோ?"

"அவை கொஞ்சப்பேர். அடிமையளாக் கொண்டுபோன ஆபிரிக்கச் சனம்தான் கூட. பிறகு கரும்பு வெட்ட இந்தியாவில இருந்தும் ஏத்தினவங்கள். இவற்ர பூட்டன் அப்பிடிப் போனவர். அதுதான் ரெனே வீராசாமி."

"பேர் ஆரும் வைக்கலாம்."

மேசையில் ரெனேயின் படம், பக்கத்தில் ரம் போத்தல். தமையன் லூசியன் ஒரு கதிரையில், சித்தப்பன்காரன் மறுகதிரையில். மூன்றாவது வெறுமையாய்க் கிடந்தது. லூசியன் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, யோகம் வாய்விட்டுச் சிரித்தாள். தியாகராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னவாம்?"

"டொமினோவில ஒரு ஆட்டமும் வெல்லாதவனைச் சேத்துப் பண்டி எண்டு பழிப்பினமாம். எப்பவும் இவர்தான் பண்டி. ஞாயிற்றுக்கிழமையில கட்டையளை எறிஞ்சுபோட்டுக் குசினிக்குள்ள வந்து, என்னோட..."

முடிக்கவில்லை. சிரித்த வாய் கோணிற்று. செய்தி வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அந்த மனிதர்கள் தடுக்கவில்லை. அழவிட்டார்கள்.

அவள் ஓய்ந்ததும் சித்தப்பன்காரன் வெறுங்கதிரையைத் தட்டிக் காட்டினான்.

"மூண்டு பேர் வேணுமாம், அப்பா."

"எனக்குத் தெரியாது. இவங்கள் ஏமாத்துவாங்கள்."

"ஏமாத்துவினம்தான். அவரையும் ஏமாத்தினவை."

தியாகராசா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

லூசியன் சம்மட்டியால் அடிப்பதுபோல் முதல் கட்டையை மேசையில் அறைந்தான். தியாகராசா தன் கட்டைகளை அவன் கண்ணில் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். யோகம் பின்னால் வந்து அவருடைய கோட்டைக் கழற்றினாள். கட்டைகளைக் கைமாற்றிப் பிடித்தபடி, ஒவ்வொரு கையாக அவர் நீட்டிக் கொடுத்தார்.