குழாயில் தண்ணீர் விழும் நேரம்

என் கணவர் கை கழுவ நான்கு நிமிடம் ஆகும். முதலில் சோப்புத்தூள், பிறகு கிரீஸ் போகக் கொஞ்சம் சர்க்கரை, பிறகு மறுபடி சோப்பு. வலது கை நடுங்குவதால் சோப்பு இரண்டு முறையாவது நழுவி விழும். குனிந்து எடுப்பார், அதைத் திட்டுவார், மறுபடி தேய்ப்பார். வண்டி நிற்கும் ஷெட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சுவர்தான். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்வரை அவர் வரமாட்டார். மூன்று வருடம் நான் அந்த நான்கு நிமிடத்துக்குள் ஒரு வேலை செய்துவந்தேன்.

துணி மாட்டும் கிளிப்புகள் போட்டுவைக்கும் பையின் அடியில் ஒரு ஸ்பானர் வைத்திருந்தேன். பழைய ஆயிலை இறக்கி, எஞ்சின் அடியில் ஆயில் இறங்கும் துளையை மூடும் போல்ட்டை முறுக்கிவிட்டு, அவர் கை கழுவப் போவார். புது ஆயிலை அழுக்குக் கையால் ஊற்றக்கூடாது என்பது அவர் சட்டம். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நான் ஸ்பானரை எடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து அந்தப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். பிறகு ஸ்பானரைக் கிளிப்புகளுக்கடியில் புதைத்துவிட்டு ஈரத்துணியை உதறிக்கொண்டிருப்பேன்.

வண்டிக்கு வீட்டில் ஒட்டகம் என்று பெயர். உயரமான ஒற்றை சிலிண்டர் வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும். அவர் சர்வேயராக இருந்தபோது வாங்கியது. கை நடுங்க ஆரம்பித்து வேலையை விட்ட பிறகு அதை மகள் எடுத்துக்கொண்டாள். கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் அவள். மாடு விழுந்து கிடக்கும் இடத்துக்கெல்லாம் நல்ல ரோடு போட்டுவைத்திருக்க மாட்டார்கள். அவள் ஓட்டுவாள், அவர் பராமரிப்பார். செயின், வால்வு, கார்புரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டிய மனிதருக்கு அந்த ஷெட் ஒன்றுதான் மிச்சம்.

அவரை ஷெட்டுக்குள் விடக்கூடாது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவரை நம்பவும் முடிந்ததில்லை. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அங்கே ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே தரமாட்டோம். இதுவும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கடையில் சரிபார்ப்பவர் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை.

அவரிடம் டார்க் ரெஞ்ச் இருந்தது. போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் போடும். "கை நடுங்கினா என்ன, ரெஞ்சுக்கா நடுங்குது?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த 'டிக்' அவருடைய ஆறுதலுக்கு என்றும், வண்டியின் பாதுகாப்புக்கு நான் என்றும் எண்ணிக்கொண்டேன்.

கடைசி மூன்று நான்கு முறை போல்ட் என் கைக்கு மெத்தென்று இளகியது. கால் சுற்று, அரைச் சுற்றுகூடத் திரும்பியது. பார்த்தாயா, எவ்வளவு லூசாக விட்டிருக்கிறார், நல்லவேளை நான் பார்த்தேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயில் மாற்றிய ஒன்பதாவது நாள் போல்ட் கழன்றது. ஆயில் மொத்தமும் பின்சக்கரத்தில் வழிய, ஒரு வளைவில் வண்டி வழுக்கி மகளின் இடது கால்மேல் விழுந்தது. விழுந்ததும் எஞ்சின் நின்றுவிட்டதால் எஞ்சின் பிழைத்தது. அவள் காலுக்கு வெளியே நான்கு கம்பிகள் நிற்கின்றன. கணுக்கால் முன்போல மடங்காது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்று அவள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், அவர் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது பாதி அவள் போர்வையில் சிந்தியது.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு ஏம்பா வண்டியைத் தொட்டீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணியே நிக்கமாட்டேங்குது. போல்ட் மட்டும் நிக்குமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக்கூடாதாம்மா? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்குப் பிறகு அவர் எதையும் தொடவில்லை. சாப்பாட்டை நான் ஊட்டினேன். அதற்கு முன்பு சிந்தினாலும் தானேதான் சாப்பிடுவார். கடைசியாக ஒருமுறை ஷெட்டுக்குப் போய்க் கருவிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். ஒவ்வொன்றும் விழும் சத்தம் சமையலறைவரை கேட்டது.

போல்ட்டை அவர் லூசாகத்தான் விட்டிருப்பார், நான் இறுக்கியது போதவில்லை. முதல் இரண்டு நாள் இப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் கடையில் ஒரு இருமல் மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடி, மரை தேய்ந்தது. என் விரலுக்கடியில் அது மெத்தென்று வழுக்கிச் சுற்றியது. அந்த மெத்து எனக்குத் தெரியும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் கூட வேலை செய்பவள்.

அன்றிலிருந்து எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவருக்கு அவர் கை திரும்பக் கிடைக்கும். கூடவே, மூன்று வருடமாக அந்தக் கையை நான் என்ன நினைத்தேன் என்பதும் தெரிந்துவிடும். அவரை ஊரே பாவமாகப் பார்த்தபோது, பார்க்காதவள் நான் ஒருத்திதான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்காக அவரைக் குற்றவாளியாகவே இருக்கவிட்டேன். ஊட்டும்போது ஸ்பூனைப் பார்த்தேனே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காலையில், சாக்கையும் வண்டியையும் எடுத்துப்போகச் சொல்லி அவர் கூப்பிட்டிருந்த மெக்கானிக் வந்தார். கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, ஒட்டகத்தைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய? ஏறணும்னா எனக்கு ஏணி வேணும்" என்றார். யாரும் சிரிக்காததால் குனிந்து, எஞ்சினுக்குக் கீழே கல் படாமல் காக்கும் தகட்டைக் கழற்றினார். ஆயிலும் மண்ணும் குழைந்த சகதிக்குள் எதையோ விரலால் துழாவி எடுத்தார்.

"அட, போல்ட் இங்கயேதான் கெடக்கு."

துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது லூசா விட்டதில்ல."

"சும்மா இருடா. ஆறுதல் சொல்ல வராத."

"ஆறுதல் சொல்ற மூஞ்சியா இது? நீங்களே பாருங்க."

போல்ட்டின் மேல் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினில் இருக்கவேண்டிய மரை.

"லூசா இருந்தா போல்ட் மட்டும் கழண்டு வரும். இது எஞ்சின் மரையையே பிச்சுக்கிட்டு வந்திருக்கு. அளவுக்கு மேல முறுக்கி முறுக்கி, கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு."

என் கணவர் போல்ட்டை வாங்கிக்கொண்டார். அது அவர் உள்ளங்கையில் ஆடியது.

"டிக் கேட்டதும் நிறுத்திடுவேனே" என்றார் மெதுவாக. "போன தடவை அந்தச் சத்தம் லேட்டாத்தான் வந்துச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன்." போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒருவேளை முறுக்கினதை மறந்துட்டு மறுபடி முறுக்கிட்டேனோ என்னவோ. தெரியலடா. கைதான் போச்சுன்னு நினைச்சேன். புத்தியும் போக ஆரம்பிச்சிடுச்சு போல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மறதி உண்டா இல்லையா என்று நான்தானே சொல்லமுடியும். அவர் கண்ணில் இருந்த பயத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கை நடுங்க ஆரம்பித்த நாளில்கூட இல்லை.

நான் கொடிக்குப் போனேன். பையைக் கவிழ்த்தேன். கிளிப்புகள் தரையெங்கும் சிதறின. ஸ்பானரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க மறக்கலைங்க. நான்தான்."

சோடாபுட்டி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, "நான் அப்புறமா வரேன் அண்ணி" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"எத்தனை தடவை?" என்றார் என் கணவர்.

"எல்லாத் தடவையும்."

"நான் கை கழுவப் போறப்பவா?"

தலையாட்டினேன். சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய். மூன்று வருடத்து நான்கு நிமிடங்களையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"இந்தக் கை போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார். "நடுங்கி நடுங்கிக் காட்டிச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லலியே."

உள்ளே கட்டிலிலிருந்து மகள் கூப்பிட்டாள். சன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள். போய் நின்றேன்.

"அப்பாவை நான் அவ்வளவு பேசினப்ப நீ பக்கத்துலதாம்மா நின்ன" என்றாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காலின் கம்பிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

மறுநாள் அவர் வண்டியைக் கொடுக்கவில்லை. சாக்கை அவிழ்த்துக் கருவிகளைச் சுவரில் பழையபடி மாட்டினார். தேய்ந்துபோன துளையில் கொஞ்சம் பெரிதாகப் புது மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினால் போல்ட் மறுபடி பிடிக்கும். அந்தச் சுருளைச் சோடாபுட்டி கொண்டுவந்து கொடுத்தார். "நான் போட்டுத் தரேன் அண்ணே" என்றதற்கு, "நீயுமாடா?" என்று கேட்டார் என் கணவர். சோடாபுட்டி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாயை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, காலையிலிருந்து மதியம்வரை அந்த ஒரு துளையோடு இருந்தார். மரை வெட்டும் கருவி நேராக நிற்க, வலது முழங்கையை நெஞ்சோடு ஒட்டி, மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உலோகத் துருவல் உள்ளே போகாமல் கருவியில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. எத்தனையோ முறை கருவி நெற்றியில் விழுந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாத் துணியும் காய்ந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

கடைசியில் போல்ட்டைப் போட்டார். டார்க் ரெஞ்சை மாட்டி இழுத்தார். 'டிக்.' பளிச்சென்று கேட்டது.

எழுந்தார். நான் ஒளித்துவைத்திருந்த ஸ்பானர் வண்டியின் சீட்டின்மேல் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கை கழுவிட்டு வரேன்" என்றார்.

போனார். நான் நின்றேன். தண்ணீர் விழவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்று தெரிந்தது. மூச்சுகூடக் கேட்கவில்லை. போல்ட் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் வலது கைக்குள் ஏதோ ஊறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தொடவேண்டும்போல் இருந்தது. தொடவில்லை. அது இறுகியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இனி தெரியவே வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்த ஸ்பானர் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும். எடுத்து, சுவரில் அவர் அடித்துவைத்த ஆணியில், மற்ற ஸ்பானர்களின் வரிசையில் மாட்டினேன்.

இரும்பில் இரும்பு பட்டு 'கிளிங்' என்றது.

பையிலிருந்து எடுக்கும்போதும் அது இப்படித்தான் ஒலித்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு, போல்ட்டில் மாட்டினாலும் இப்படித்தான் கேட்கும். நான் தொடவில்லை என்று கத்தலாம். மூன்று வருடம் தொட்டவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகுதான் குழாய் திறந்தது. தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.