அணில் ஏறிய அஞ்சலி பேனர்

செத்த அன்றைக்காவது இந்த ஆள் தலையில் அணில் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெண்மதி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வர வேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. வாசலுக்கு நேரே, மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அவள் புருஷன் சென்றாயன் தங்கக் கிரீடம் வைத்து, கையில் வேலோடு, உச்சியில் ஓர் அணிலைச் சுமந்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

துக்கத்துக்கு வந்த குள்ளம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேனரைக் கும்பிட்டாள்.

"இது எந்தக் கோயிலு சாமிங்க?"

"அத்தே, அது நம்ம சென்றாயன்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"அடக் கடவுளே! நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்!"

கடத்தூரில் எரிந்துபோன போர்வெல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் சென்றாயன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அவன் ஆடிய வீடியோ கேம் ஒன்று உண்டு. ஓர் அணில் கோட்டை கோட்டையாகத் தாவிப் போகும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனது. பழைய ரசிகர்கள் உலகம் முழுக்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வேறொரு கம்பெனியை அதை மறுபடி செய்யச் சொல்லியிருந்தார்கள். இவனும் போட்டான். போட்டவர்களின் முகத்தை விளையாட்டில் வரும் காவலாளிகளுக்கு வைப்பதாகப் பேச்சு. தீபாவளிக்குத் தீபாவளி தள்ளிப்போய், போன மாதம்தான் அவனைக் காவலாளியாக வரைந்த இந்தப் படம் போனுக்கு வந்தது. விளையாட்டு இன்னும் வரவில்லை. அதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

பேனர் கடைக்காரன் படம் கேட்டதும், தம்பியின் போனில் இருந்ததிலேயே பளிச்சென்றதை அனுப்பியவர் மூத்தவர் ராஜப்பன்.

"கண்ணாடிய வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்மா. மொகம் அவன் மொகந்தான். அந்த அணில முடின்னு நெனச்சுட்டேன்."

"அவருக்கு முடி கொட்டி எத்தன வருசமாச்சுங்க மாமா."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"கடத்தூரே சிரிக்குதும்மா. பொணத்தோட வர்ற சனமெல்லாம் அதப் பாத்துட்டுத்தான் போவும். அவன் ஆதார் கார்டு குடு. எடுக்கறதுக்குள்ள வேற அடிச்சுக் கட்டிடலாம்."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. எழுந்துபோய் பீரோவிலிருந்து கார்டை எடுத்தாள். பைக் திருடி மாட்டிக்கொண்டவன்போல ஒரு முகம் அதில் வெறித்தது. கல்யாண ஆல்பத்திலும் அவன் அப்படித்தான். போட்டோ என்றாலே விறைத்துக்கொள்வான்.

விளையாட்டுக்காரர்கள் முகம் கேட்டபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவளைத்தான் எடுக்கச் சொன்னான்.

"ஒழுகற கொழாய்க்கு வாசர் போட நேரமில்ல, அணிலுக்கு வாச்மேன் வேலைக்குப் போறீங்களாக்கும்" என்று அவள் வைததற்கு அவன் வெடித்துச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து அவள் விரல் போனில் பட்டுப் படம் விழுந்தது. எந்த ஊர்க்காரனோ, சாய்ந்த முன்பல்கூடத் தப்பாமல் அந்தச் சிரிப்பை அப்படியே வரைந்திருந்தான்.

அறை வாசலில் ராஜப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "குடும்மா, நேரமாவுது."

கார்டைச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

"வேணாங்க மாமா. அதே இருக்கட்டும்."

"அணிலோடயா?"

வெண்மதி பீரோவைச் சாத்திப் பூட்டினாள்.